வேண்டுமென்றே விழவைத்தவர்கள்

நம் சங்கத்துப் பொங்கல் விழா ஒன்றில், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் "என்னம்மா வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டேன். மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் என்றாள். எதிர் வரிசையில் இருந்த பெரியவர் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, டெவலப்மென்ட்ல கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இல்ல மாமா, நானாத்தான் கேட்டு வாங்கினேன். மத்தவங்க கட்டினதைப் போட்டு உடைக்கிற வேலை. அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க" என்றாள். பந்தியே சிரித்தது. அவளுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வரன் பார்க்கிற இடங்களில் அவர்கள் "சாஃப்ட்வேர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. ஒரு மென்பொருளை, அது மக்கள் கைக்குப் போவதற்கு முன்பே, வேண்டுமென்றே கீழே விழவைத்துப் பார்ப்பது என்பது தனியான ஒரு தொழில். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் ஒரு விசித்திரம்: விழவைத்துக் காட்டியவர்களின் பேச்சை முதல் தடவையிலேயே கேட்டவர்கள் குறைவு. கேட்காததன் விலையைப் பிறகு யாரோ கொடுத்திருக்கிறார்கள். 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளியன்று, நம்மில் சிலரும் கொடுத்தோம். அன்று காலை நம் நாட்டு விமான நிலையங்களில் திரைகள் நீலமாக மாறின. போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்குக் கிளம்பியவர்கள் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் 'க்ராஷ்' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பேச்சு வழக்கில் 'சிஸ்டம் படுத்துவிட்டது' என்கிறோம். கணிப்பொறியின் பார்வையில் பல சமயங்களில் அது ஒரு பாதுகாப்பு நடவடிக்கை. ஒரு நிரல் தனக்கு ஒதுக்கப்படாத நினைவகப் பகுதியைத் தொடப் போகிறது. அல்லது செய்யவே முடியாத ஒரு கணக்கைச் செய்யச் சொல்கிறது. இயக்க முறைமை அந்த இடத்திலேயே அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. நிறுத்தும்போது நினைவகத்தில் என்ன இருந்தது என்பதை ஒரு கோப்பில் கொட்டி வைப்பதும் உண்டு. அதற்கு 'கோர் டம்ப்' என்று பெயர். அந்தக் காலத்தில் நினைவகம் சின்னச் சின்னக் காந்த வளையங்களால் ஆனது. அந்த வளையத்துக்குக் 'கோர்' என்று பெயர். வளையங்கள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆக, விழுந்த நிரல் சாட்சியத்தை விட்டுச் செல்கிறது. விழாமல், தப்பான விடையைக் கொடுத்துக்கொண்டே ஓடும் நிரல் எதையும் விட்டுச் செல்வதில்லை. நம் பாட்டிமார் மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கீறல் இருந்தால் ஓசை காட்டிக்கொடுக்கும். மென்பொருளில் கீறல் தானாக ஓசை கொடுக்காது. அதைக் கொடுக்கவைக்க வேண்டியிருந்தது.

நம் கதையின் முதல் நிகழ்ச்சியில் விழவைத்தவள் ஒரு சிறுமி. 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் அப்பல்லோ விண்கலத்துக்கான மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன். இரவு வேலையும் வார இறுதி வேலையும் அதிகம் என்பதால் தம் மகள் லாரெனைச் சில நாட்களில் கூடவே அழைத்து வருவார். விண்கலத்தின் கருவிப் பலகையைப் போலவே செய்து வைத்திருந்த சிமுலேட்டரில், அம்மாவைப் பார்த்து அந்தக் குழந்தையும் விண்வெளி வீரர் விளையாட்டு விளையாடும். ஒரு நாள் கண்டபடி பொத்தான்களைத் தட்டியதில் எல்லாமே நின்றுபோயிற்று. என்னவென்று பார்த்தால், கலம் நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதாகப் பாவனை ஓடும்போது, லாரென் 'பி01' என்ற நிரலை அழைத்துவிட்டாள். அது கலம் தரையில், ஏவுதளத்தில் நிற்கும்போது மட்டும் ஓட வேண்டிய ஆயத்த நிரல்.

ஹாமில்டன் இதைச் சிரித்துவிட்டு மறக்கவில்லை. குழந்தை செய்ததை வீரரும் செய்யக்கூடும். ஆகவே அப்படி அழைத்தால் கணிப்பொறி மறுக்கும்படி ஒரு தடுப்பு வைக்கலாம் என்றார். மேலிடம் சம்மதிக்கவில்லை. எங்கள் வீரர்கள் அப்படித் தப்புச் செய்யாத அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கணிப்பொறியின் நினைவகம் மிகமிகச் சிறியது, ஒவ்வொரு வரிக்கும் இடம் தேட வேண்டும். கடைசியில் 'பறக்கும்போது பி01-ஐ அழைக்க வேண்டாம்' என்ற பொருளில் ஆவணத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்க முடிந்தது.

1968 டிசம்பர். அப்பல்லோ 8. ஃப்ராங்க் போர்மன், ஜிம் லவெல், பில் ஆண்டர்ஸ் மூவரும் மனித வரலாற்றில் முதல் தடவையாக நிலவைச் சுற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நட்சத்திரங்களைக் குறிபார்த்துத் திசையைச் சரிசெய்வது லவெலின் வேலை. நட்சத்திர எண் 01 என்று தட்ட வேண்டிய இடத்தில் அவர் நிரல் எண் 01 என்று தட்டிவிட்டார். கணிப்பொறி, கலம் மறுபடி ஏவுதளத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டது. சேர்த்து வைத்திருந்த திசைக் கணக்கு அழிந்துபோயிற்று. கீழே பூமியில் இருந்தவர்கள் வழி சொல்ல, லவெல் நட்சத்திரங்களைப் பார்த்து நிலையை மறுபடி கணித்துச் சரிசெய்தார். நல்ல மாலுமி, அதனால் தப்பித்தார்கள். ஹாமில்டன் கேட்ட தடுப்புக்கு அதன் பிறகுதான் அனுமதி கிடைத்தது. 2016-ல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. லாரெனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

இந்த எண்ணத்துக்குச் சாஸ்திர வடிவம் கொடுத்தவர் க்ளென்ஃபோர்ட் மையர்ஸ். 1979-ல் அவர் எழுதிய மென்பொருள் சோதனைக் கலை பற்றிய புத்தகத்தில், நிரல் சரியாக ஓடுகிறது என்று நிரூபிப்பதற்காகச் சோதிக்கக் கூடாது, பிழையைக் கண்டுபிடிக்கும் எண்ணத்தோடுதான் அதை ஓட்ட வேண்டும் என்றார். பிழையைக் காட்டிய சோதனைதான் அவர் கணக்கில் வெற்றி பெற்ற சோதனை. கட்டியவரே கட்டடத்தைச் சோதித்தால் மனசு கீறலைப் பார்க்க ஒப்பாது, அதற்கு வேறு ஆள் வேண்டும் என்பதும் அவர் வாதம். பந்தியில் கேள்வி கேட்ட பெரியவருக்கு அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். பாயசம் வந்துவிட்டது.

1983-ல் ஆப்பிள் கம்பெனியில் முதல் மெக்கின்டாஷ் தயாராகிக்கொண்டிருந்தது. நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூடப் பத்தாது. ஸ்டீவ் காப்ஸ் என்ற நிரலாளர் அதற்குள் ஒரு குட்டி நிரலை எழுதி 'மங்கி' என்று பேர் வைத்தார். அது ஓட ஆரம்பித்தால், கண்ணுக்குத் தெரியாத குரங்கு ஒன்று வந்து மவுஸையும் கீபோர்டையும் போட்டு அடிப்பதுபோல இருக்கும். கட்டங்கள் இழுபடும், மெனுக்கள் திறக்கும், எழுத்துகள் கொட்டும். ஆரம்பத்தில் வெகு சீக்கிரம் மெக்கின்டாஷ் விழுந்துவிட்டது. பிழைகளைத் திருத்தத் திருத்த, அதிக நேரம் தாக்குப்பிடித்தது. ராத்திரி முழுக்கக் குரங்கை விட்டுவிட்டு, காலையில் வந்து யார் ஜெயித்தது என்று பார்க்கலாம் என்று நினைத்தார்கள். அதில் ஒரு சிக்கல். கண்டதையும் அமுக்குகிற குரங்கு, கொஞ்ச நேரத்தில் மெனுவில் 'க்விட்' என்பதையும் அமுக்கிவிடும். நிரல் மரியாதையாக மூடிக்கொள்ளும், சோதனை அதோடு முடிந்துபோகும். பில் அட்கின்சன் ஒரு வழி சொன்னார். 'மங்கிலிவ்ஸ்', அதாவது குரங்கு உயிரோடு இருக்கிறது, என்று ஒரு கொடியை நினைவகத்தில் வைத்தார்கள். அந்தக் கொடி ஏறியிருந்தால் 'க்விட்' வேலை செய்யாது. இன்றைக்கும் ஆண்ட்ராய்டு செயலிகளை இப்படித் தாறுமாறாகத் தட்டிப் பார்க்கும் கருவியின் பெயர் 'மங்கி'தான்.

அடுத்த கட்டத்துக்கு ஒரு மழை காரணமாயிற்று. 1988 இலையுதிர் காலம், விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரம். பேராசிரியர் பார்ட்டன் மில்லர் இடி மின்னலோடு பெய்த மழையில் வீட்டில் உட்கார்ந்து, டெலிபோன் லைன் வழியாகப் பல்கலைக்கழக யூனிக்ஸ் கணிப்பொறியில் வேலை செய்துகொண்டிருந்தார். நம் ஊரில் டயல்-அப் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். லைனில் கரகரப்பு. அவர் தட்டாத எழுத்துகளெல்லாம் நடுவில் புகுந்தன. இரைச்சல் வந்ததில் அவருக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் குப்பை எழுத்துகளைக் கண்டு, நாள்தோறும் எல்லோரும் பயன்படுத்துகிற நம்பிக்கையான நிரல்கள் தடால் தடாலென்று விழுந்ததுதான் ஆச்சரியம். மறுநாள் ஆளைக் கூப்பிட்டு லைனைச் சரிசெய்துவிட்டு மற்றவர் யாரும் மறந்திருப்பார்கள். மில்லர் அந்தப் பருவத்து மாணவர்களுக்கு இதையே வீட்டு வேலையாகக் கொடுத்துவிட்டார்: தாறுமாறான எழுத்துகளை உற்பத்தி செய்யும் நிரல் ஒன்றை எழுதி, யூனிக்ஸ் கருவிகளுக்கு அதை ஊட்டி, எது எது விழுகிறது என்று குறித்து வாருங்கள். அந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'ஃபஸ்'.

அதே பருவத்தில், 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் அவிழ்த்துவிட்ட 'புழு' நிரல் இன்டர்நெட்டில் பரவி ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைத் திணறடித்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' என்ற சேவை. அந்தச் சேவை, சி மொழியில் உள்ள 'கெட்ஸ்' என்ற கட்டளையால் செய்தியை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டளைக்கு ஒரு கெட்ட குணம்: எத்தனை வருகிறது என்று கேட்காமலே ஊற்றிக்கொண்டே இருக்கும். உழக்கில் ஒரு படி பாலை ஊற்றினால் என்ன ஆகும்? 512 பைட் கொள்ளும் இடத்தில் புழு 536 பைட்டை ஊற்றியது. ஊற்றியதில் புழுவின் சொந்தக் கட்டளைகள் இருந்தன. மில்லரின் மாணவர்கள் கையில் விழுந்த பல நிரல்களிலும் இதே ஜாதிப் பிழைதான் இருந்தது. ஒரே பிழை, நல்லவர் தட்டினால் க்ராஷ், கெட்டவர் தட்டினால் திறந்த கதவு. வேண்டுமென்றே விழவைப்பது என்ற வேலையின் முக்கியத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1990 டிசம்பரில் மில்லரும் அவர் மாணவர்கள் இருவரும் முடிவை வெளியிட்டார்கள். எந்த யூனிக்ஸ் வகையை எடுத்தாலும், கருவிகளில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்திருந்தன. உலகம் திரண்டு நன்றி சொல்லியிருக்கும் என்று நினைப்பீர்கள். முறையில்லாத வேலை, குருட்டாம்போக்கு என்று விமர்சனம்தான் அதிகம். கண்டுபிடித்த பிழைகளின் பட்டியலையும் சோதனை நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகவே வைத்திருந்தார்கள். 1995-ல் திரும்பப் போய்ப் பார்த்தால், 1990-ல் சொன்ன பிழைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அப்படியே, அச்சு மாறாமல் உட்கார்ந்திருந்தன! பெரிய கம்பெனிகள் காசுக்கு விற்ற யூனிக்ஸ்களில் 15 முதல் 43 சதவீதம் கருவிகள் விழுந்தன. ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்த லினக்ஸில் 9 சதவீதம். 'கெட்ஸ்' கட்டளையை சி மொழித் தரத்திலிருந்து ஒருவழியாக நீக்கியது 2011-ல்.

இதற்கு நடுவில் இன்னொரு கிளையும் வளர்ந்தது. வங்கிகளுக்கு நிற்காமல் ஓடும் கணிப்பொறிகளைச் செய்துவந்த டான்டெம் கம்பெனியில் இருந்த ஜிம் கிரே, 1985-ல் கணிப்பொறிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். தப்பு நடந்தது தெரிந்தால், ஒரு பகுதி இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடாமல் உடனே நின்றுவிட வேண்டும். அதன் இடத்தைத் தயாராக இருக்கும் இன்னொன்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனைகளில் ஒன்று. 1998-ல் அவருக்கு ட்யூரிங் விருது கிடைத்தது.

ஆனால் இந்தக் கொள்கையைப் பாதி மட்டும் எடுத்துக்கொண்டால் ஆபத்து. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியன் 5 ராக்கெட்டில் இதுதான் நடந்தது. திசை காட்டும் கருவியின் மென்பொருளைப் பழைய ஏரியன் 4-லிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். புது ராக்கெட் பக்கவாட்டில் அதிக வேகம் எடுத்தது. 64 பிட் எண்ணை 16 பிட் இடத்தில் திணிக்கும்போது கொள்ளவில்லை. பிழை தெரிந்ததும் கருவி, சொல்லிக்கொடுத்தபடியே தன்னை நிறுத்திக்கொண்டது. இடத்தைப் பிடிக்க இன்னொரு கருவி இருந்தது. ஆனால் அதிலும் அதே மென்பொருள்தான், அதுவும் அதே காரணத்துக்காக முன்பே நின்றுவிட்டிருந்தது. கிளம்பி 37 வினாடிகளில் ராக்கெட் வழி தவறி, நான்கு செயற்கைக்கோள்களோடு வெடித்தது. எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல், அந்தக் கணக்கு ராக்கெட் மேலே எழும்பிய பிறகு தேவையே இல்லை. புது ராக்கெட்டின் பாதையைத் தரையிலேயே அந்தக் கருவிக்கு ஊட்டிப் பார்த்திருந்தால் பிழை தெரிந்திருக்கும் என்று விசாரணைக் குழு சொன்னது. மேசை மேல் விழ வேண்டிய ஒன்று வானத்தில் விழுந்தது.

2014-ல் வந்த 'ஹார்ட்பிளீட்' பிழை வேறு மாதிரி. இணையத்தில் ரகசியம் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், கேட்பவர் பொய்யான அளவைச் சொன்னால், பக்கத்து நினைவகத்தில் இருப்பதையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். கடவுச்சொல் இருந்தால் கடவுச்சொல். இரண்டு வருஷம் அது யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணம், அது விழவே இல்லை. சமர்த்தாக ஓடிக்கொண்டே கசிந்தது. இந்த மாதிரிப் பிழைக்கென்றே 2012-ல் கூகுள்காரர்கள் ஒரு கருவியை வெளியிட்டிருந்தார்கள், 'அட்ரஸ் சானிடைசர்' என்று. நிரல் தன் எல்லைக்கு வெளியே ஒரு பைட் கை நீட்டினாலும், அந்தக் கணமே அதைப் பிடித்து விழவைத்துவிடும். ஊமைப் பிழைக்கு வாய் கொடுக்கும் வேலை. இதையும் மில்லரின் 'ஃபஸ்' முறையின் நவீன வாரிசுகளையும் சேர்த்து ஓட்டினால் ஹார்ட்பிளீட் சில மணி நேரத்தில் அகப்பட்டிருக்கும் என்று பிறகு செய்து காட்டினார்கள். 2016 டிசம்பரில், உலகம் பொதுவாகப் பயன்படுத்தும் திறமூல நிரல்களை இப்படி இடைவிடாமல் அடித்துப் பார்க்கும் சேவையைக் கூகுள் தொடங்கியது.

செயலியைத் தாண்டி, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பையே விழவைத்துப் பார்க்கும் துணிச்சலும் வந்தது. அமேசானில் ஜெஸ்ஸி ராபின்ஸ் என்பவர், தீயணைப்புப் பயிற்சி பெற்றவர், ஒத்திகைபோல அங்கே செயற்கையாக விபத்து உண்டாக்கினார். நெட்ஃப்ளிக்ஸ் 2010-ல் 'கேயாஸ் மங்கி' என்று ஒன்றை எழுதியது. வாடிக்கையாளர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஏதாவது ஒரு சர்வரைக் கண்ணை மூடிக்கொண்டு அணைத்துவிடும். ஆனால் அலுவலக நேரத்தில் மட்டும். எல்லோரும் நாற்காலியில் இருக்கும்போது விழட்டும், நடு ராத்திரியில் வேண்டாம் என்று. நம் நாட்டில் ஹாட்ஸ்டார், கிரிக்கெட்டுக்கு முன்னால் தன் மேலேயே பொய்யான கூட்டத்தை ஏவிவிட்டு, எங்கே உடைகிறது என்று பார்த்துவந்தது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில், நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில், ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் பார்த்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் அத்தனை பேரும் வெறுத்துப்போய் வெளியே வருவார்கள். கூட்டம் கலைந்தால் பாரம் குறையும் என்றுதானே நினைப்போம்? வெளியே வருகிறவர் எல்லோரும் 'பேக்' பொத்தானை அமுக்கி முகப்புப் பக்கத்தில் வந்து விழுவதால், பாரம் அங்கே ஏறிவிடும். இதையும் சேர்த்துத்தான் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது.

இனி அந்த ஆடி வெள்ளி. கம்பெனிகளின் கணிப்பொறிகளைக் காவல் காக்கும் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம், நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. காவல் நிரலுக்குப் புதிய திருடர்களின் அடையாளம் சொல்லும் கோப்பு அது. கோப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. கணிப்பொறியில் இருந்த நிரல் 20-ஐத்தான் கொடுத்தது. முந்தைய சோதனைகளில் 21-வது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று குறித்திருந்ததால், அதை யாரும் தேடிப் போகவில்லை. அன்று வந்த கோப்பு தேடிப் போயிற்று. இல்லாத இடத்தைத் தொட்டது. காவல் நிரல் விண்டோஸின் கருவறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் விண்டோஸும் சேர்ந்து விழுந்தது. 78 நிமிஷத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் விழுந்திருந்தன; பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. இனி இப்படிப்பட்ட கோப்புகளுக்கும் செய்வோம் என்று அந்த நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் 'ஃபஸ்' சோதனையும், வேண்டுமென்றே பழுது உண்டாக்கிப் பார்ப்பதும் இருந்தன. மில்லரின் வீட்டு வேலைக்கு 36 வயது ஆகியிருந்தது.

இன்று சின்னச் செயலிகளுக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. செயலி நம் கைப்பேசியில் விழுந்தால், எங்கே எதனால் விழுந்தது என்று எழுதியவருக்குச் சேதி அனுப்பும் சேவைகள் இருக்கின்றன. 2011-ல் தொடங்கி இப்போது கூகுளிடம் உள்ள க்ராஷ்லிட்டிக்ஸ் அவற்றில் ஒன்று. அதைச் செயலியில் இணைத்ததும் முதலில் செய்யச் சொல்லும் காரியம், அமுக்கினால் செயலி செத்து விழும்படி ஒரு பொத்தான் வைப்பது. அமுக்க வேண்டும், விழ வேண்டும், செயலியை மறுபடி திறக்க வேண்டும். திறந்தால்தான் சேதி போகும். சேதி வந்து சேர்ந்தால் மணி அடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கட்டுரைக்காகப் பந்தியில் சந்தித்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, உங்கள் இடத்திலும் அப்படி ஒரு பொத்தான் உண்டா என்று கேட்டேன். "உண்டு மாமா. வெளியில விடறதுக்கு முன்னாடி அதை எடுத்துட்டாங்களான்னு பாக்கறதும் என் வேலைதான்" என்றாள்.